குளத்துக்குப் போர்வை

"வர்ற சனிக்கிழமை குளத்தை மூடிடலாம்னு இருக்கேன், மாமா" என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் குளத்தை மூடுவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டித் தூர்த்து, மேலே மனை பிரித்து விற்றுவிடுவார்கள். அது மகா பாவம் என்று நானே இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கட்டுரைகளையெல்லாம் மறந்துவிட்டு, "நல்ல காரியம். தள்ளிப் போடாதீங்க. மண்ணுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மண்ணா? எதுக்கு மாமா?"

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மூடுவது என்றால் அந்த ஊரில் மூடி போடுவது. கோடைக்கு ஆடித் தீர்த்த நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்தி, மே மாதத்தில் மறுபடியும் திறப்பார்கள். என் சந்தோஷம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இது 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், நியூஜெர்ஸியில் எடிஸனுக்குப் பக்கத்தில் நடந்தது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வருஷம்தான் சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். குளம், வீட்டோடு வந்த சீர். விற்றவர்கள் விட்டுப் போனது. நான் போய் இறங்கிய நாள் முதல் அதன் பக்கம் அதிகமாகப் போவதில்லை. ஏழு வயதுப் பேரன் அதில் தவளை மாதிரி குதிப்பான். அவன் குதிக்கும் நேரமாகப் பார்த்து எனக்கு வீட்டுக்குள் ஏதாவது அவசரமாக எழுத வேண்டியிருக்கும்.

தரைக்கு மேல் நிற்கும் குளம் என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. நம் குளங்களெல்லாம் பூமியைத் தோண்டிக் கிடைத்தவை. இதுவோ கல்யாண வீட்டு அண்டாவைப் பன்மடங்கு பெருக்கினாற்போல் புல்தரையின் மேல் வட்டமாக நிற்கிறது. குறுக்களவு 24 அடி. சுவர் 52 அங்குல உயரம். உள்ளே 4 அடி ஜலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 51,000 லிட்டர், அதாவது 51 டன். இத்தனை பாரத்தையும் தாங்குவது ஒரு மெல்லிய இரும்புத் தகடும், அதற்குள் விரித்த நீல நிற வினைல் உறையும்தான் என்று தெரிந்தபோது என் பயம் இரட்டித்தது. வட்டமாக இருப்பதுதான் அதன் சூட்சுமம். ஜலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளியே தள்ளுகிறது. தகடு இழுபட்டு விறைத்து நின்றுவிடுகிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு புறநகர்களில் வீடு கட்டிக்கொண்டு போன நடுத்தரக் குடும்பங்கள், தோண்டிக் கட்டுவதற்குப் பணம் போதாமல் இந்த மாதிரிக் குளங்களை வாங்க ஆரம்பித்தன. நமக்கு மாடியில் சின்டெக்ஸ் தொட்டி எப்படியோ அப்படி, அங்கே கொல்லையில் இது சகஜமாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கும் குளம் புதிது. ஆகவே அடுத்த வீட்டுப் பெரியவர் உதவிக்கு வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பழைய வீட்டுக்காரருக்கும் வருஷா வருஷம் இவர்தான் கை கொடுத்திருக்கிறார். இவர் கொல்லையிலும் ஒரு காலத்தில் குளம் இருந்ததாம். பிள்ளைகள் வளர்ந்து ஊர் ஊராகப் போன பிறகு பிரித்துப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் புல் மட்டும் வேறு பச்சையில் வட்டமாக வளர்ந்திருந்தது.

ஜலத்தின் உஷ்ணம் 60 பாரன்ஹீட்டுக்கு அருகில் இறங்கும்வரை பொறுக்க வேண்டும் என்று அவர்தான் தடுத்து வைத்திருந்தார். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிட்டால் மூடிக்குள்ளே பாசி பிடித்து, மே மாதத்தில் திறக்கும்போது பச்சைக் கஷாயமாக இருக்குமாம். இதற்காக வாத்து வடிவத்தில் ஒரு உஷ்ணமானி ஜலத்தில் மிதந்துகொண்டிருந்தது. பேரன் தினம் காலையில் அந்த வாத்தை இழுத்துப் பார்த்துச் செய்தி வாசிப்பான்.

அந்த வாரம் முழுவதும் பூர்வாங்கக் காரியங்கள். மேப்பிள் இலைகளை வலையால் அரித்தெடுத்தார்கள். அடியில் படிந்த மண்டியை உறிஞ்சினார்கள். மாப்பிள்ளை ஒரு சிறு குப்பியில் ஜலம் பிடித்துச் சிவப்புத் துளி விட்டு, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தார். பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் உறையையும் உலோகத்தையும் அரிக்கும். கூடினால் குளோரின் வேலை செய்யாது. பிறகு குளோரினைத் தாராளமாகக் கொட்டிப் பம்பை ஓடவிட்டு, அதன் வீரியம் தணிந்ததும் பாசிமருந்து. வைத்தியர் வீட்டில் இருந்த மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஜலத்தைக் குறைக்கும் கட்டம் வந்தது. சுவரின் மேல்பக்கம், மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ள ஸ்கிம்மர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, சுத்தமான ஜலம் திரும்பி வரும் துவாரம். இந்த இரண்டுக்கும் கீழே மட்டம் இறங்க வேண்டும். ஓரளவுக்குப் பம்பு இறைத்தது. ஸ்கிம்மர் காற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. மீதிக்கு ரப்பர் குழாய் போட்டு வழியவிட வேண்டும்.

இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. சின்ன வயதில் எங்கள் தெரு மளிகைக் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து வாயால் உறிஞ்சித்தான் டின்னுக்கு மாற்றுவார்கள். "நகருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக் குழாயை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். குளோரின் ஜலம் மூக்கு வரை ஏறிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து குழாயை வாங்கி, முழுவதையும் குளத்துக்குள் அமுக்கிக் காற்றெல்லாம் குமிழியாக வெளியேறின பிறகு, ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி வெளியே எடுத்துத் தரையில் போட்டார். ஜலம் பாட்டுக்குப் பாய்ந்தது. பேரன் கைகொட்டிச் சிரித்தான். அறுபத்தெட்டு வயதில் இந்த மாதிரி அவமானங்களெல்லாம் பெரிதாகத் தோன்றுவதில்லை.

"மொத்தத்தையும் இறைத்துவிட்டால் என்ன?" என்று பெரியவரிடம் கேட்டேன். உண்மையில் அதுதான் என் ஆசை.

"வெற்றுக் குளத்துக்குப் பலம் கிடையாது" என்றார் அவர். "காற்று அடித்தால் தகடு மடங்கிவிடும். உறையும் சுருங்கி, மறுபடி நிரப்பும்போது கிழியும். ஜலம்தான் சுவரைத் தாங்குகிறது. சுவர் ஜலத்தைத் தாங்குகிறது என்று நினைக்காதீர்கள்."

உறைந்தால் ஜலம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை அவசரத்துக்கு ஐஸ் அறையில் வைத்த சோடாப் புட்டி நடு ராத்திரியில் வெடித்துத் தெருவே எழுந்துவிட்டது. குழாயிலும் பம்பிலும் ஒரு உழக்கு ஜலம் தங்கிவிட்டாலும் அதே கதிதான். ஆகவே பெரியவர் ஒவ்வொரு குழாயாகக் கழற்றி உதறினார். பம்பின் அடியில் திருகியிருந்த இரண்டு கறுப்புத் தக்கைகளைக் கழற்றி, கடைசிச் சொட்டு வடியும்வரை சாய்த்துப் பிடித்தார். "இந்தத் தக்கைகளைப் பம்பின் கூடையிலேயே போட்டு வையுங்கள். வேறு எங்கே வைத்தாலும் வசந்தத்தில் கிடைக்காது" என்று சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளையின் கையில் திருகுச்சாவி இருந்தது. "கொஞ்சம் பிடிங்க மாமா" என்று என்னிடம் தந்தார்.

குளத்தின் நடுவே தலையணை மிதக்கவிட்டதுதான் பேரனுக்குப் பிடித்த கட்டம். நாலடிக்கு நாலடி இருக்கும், காற்றடைத்த பிளாஸ்டிக் பை. முழுக்க ஊதக் கூடாது, முக்கால் பங்குதான். நாலு மூலையிலும் கயிறு கட்டிச் சுவரோடு பிணைத்தார்கள். குளிரில் மேலே சில அங்குலம் பனிக்கட்டியாகும். அது பெருக்கும்போது வெளிப்பக்கம் சுவரை நெருக்காமல், உள்பக்கம் இந்தப் பையை நசுக்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. உறையாமல் தடுக்க வழியில்லை. உறைவதற்கு இடம் விட்டு வைக்கிறார்கள். அடியில் மட்டும் ஜலம் ஜலமாகவே இருக்குமாம். 4 டிகிரி சென்டிகிரேடில் அது மிகவும் கனத்துக் கீழே போய்விடுகிறது, பனிக்கட்டி மிதக்கிறது. படித்த விஷயம்தான். ஆனால் பனிக்கட்டிக்குக் கீழே ஜலம் கறுப்பாக அசையாமல் காத்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நன்றாக இல்லை.

"குளத்துக்குத் தலகாணி, போர்வை எல்லாம் உண்டா தாத்தா?" என்றான் பேரன்.

போர்வையும் வந்தது. 28 அடி அகலம். ஓரமெல்லாம் பித்தளைக் கண்கள். அவற்றில் இரும்புக் கம்பிக்கயிறு கோத்துச் சுற்றி வளைத்து, ஒரு சிறு திருகு இயந்திரத்தால் முறுக்கி இறுக்கினார்கள். நாங்கள் நாலு பேரும் நாலு பக்கம் பிடித்து இழுத்தோம். வேலை முடிந்ததும் பார்த்தால், கரும்பச்சை நிறத்தில், மேடு பள்ளமில்லாமல், புல்தரையின் நடுவில் இன்னொரு புல்தரை போல விரிந்து கிடந்தது.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார். அவன் உயரத்துக்குக் குனிந்து, "இது தரை மாதிரி இருக்கிறது அல்லவா? தரை இல்லை. ஒரு பூனை நடந்தாலும் உள்ளே போய்விடும். திறந்த குளத்தைவிட மூடின குளம் பொல்லாதது" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "ஏணியை எடுத்துவிட்டீர்களா? நாற்காலி, சைக்கிள் எதையும் சுவரோரம் வைக்காதீர்கள்" என்றார். அந்தத் தேசத்தில் பல ஊர்களில் குளத்தைச் சுற்றி 48 அங்குலத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. தரைமேல் குளத்துக்கு அதன் சுவரே தடுப்பு. ஏணியை எடுத்துவிட்டால் குழந்தை ஏற முடியாது என்பது கணக்கு.

நான் அப்போது ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

எங்கள் கிராமத்துக் குளத்திலும் ஒரு போர்வை இருந்தது. வெங்காயத் தாமரை. கரைக்குக் கரை பச்சைப் பசேலென்று, ஊதாப் பூவாகப் பூத்து மூடியிருக்கும். 1956-ல், எனக்கு ஏழு வயது, அண்ணாவுக்குப் பத்து. பந்து அதன்மேல் போய் விழுந்தது. மூழ்கவில்லை, இலைமேல் உட்கார்ந்திருந்தது. அண்ணா படித்துறையில் நின்று காலை நீட்டி இலையை அழுத்திப் பார்த்தான். தாங்குகிற மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அந்தப் பச்சை இரண்டாகப் பிரிந்து, மறுபடியும் ஒன்றாகக் கூடிக்கொண்டது. பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. என் நாவல்களெல்லாம் காவேரிக் கரையில் நடக்கின்றன. திருச்சியிலிருந்து ஒரு வாசகி ஒருமுறை எழுதினார்: "உங்கள் கதைகளில் எல்லோரும் கரையோடு நின்றுவிடுகிறார்களே, ஒருவராவது ஆற்றில் இறங்கிக் குளிக்க மாட்டார்களா?" நான் எல்லா வாசகர் கடிதங்களுக்கும் பதில் போடுகிறவன். அதற்கு மட்டும் போடவில்லை.

ஏணியைக் கார்க் கொட்டகையில் சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போதும் என்றார். நான் ஐந்து போட்டேன். அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். குளத்தோரம் நாற்காலி இருந்தால் தள்ளி வைத்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாள் போனபோது சமையலறை விளக்கு எரிந்தது. என் பெண் கையில் சால்வையோடு வந்தாள்.

"என்னப்பா இது, மூணு நாளா ராத்திரியில குளத்தைச் சுத்தி வர்றீங்க?"

"காத்து அடிக்குது. போர்வை பறந்துடுமோன்னு பார்த்தேன்."

அவள் சால்வையை என் தோளில் போட்டாள். சற்று நேரம் பேசவில்லை. "பெரியப்பா விஷயம் எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க சொன்னதில்லே. பாட்டிதான் சொன்னாங்க."

நான் டார்ச்சை அணைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு நீச்சல் தெரியும்."

1991-ல் அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெண்களை நீச்சல் பழக அழைத்துப் போவதாக, தகப்பனாரின் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் கேட்டாள். காகிதம் எங்கோ தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. ஒரு அகராதிக்குள் மடித்து வைத்திருந்தேன்.

"எப்போ கத்துக்கிட்டே?"

"இவனுக்கு ரெண்டு வயசானப்போ. இங்கே ஒய்.எம்.சி.ஏ.வில. அவன் தண்ணியில விழுந்தா நான் கரையில நின்னு கத்திக்கிட்டிருக்கக் கூடாதுன்னுதான். முதல் நாள் இடுப்பளவு தண்ணியில நின்னு அழுதேன் அப்பா. சுத்தி எல்லாம் நாலு வயசு, அஞ்சு வயசுக் குழந்தைங்க. வேடிக்கை பார்த்துது."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"உங்ககிட்டயா?" என்றாள்.

அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே வந்து அவள் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அப்புறம் நான் ஊர் திரும்பும்வரை ராத்திரியில் குளத்துப் பக்கம் போகவில்லை. பகலில் மட்டும் ஒரு தடவை கொட்டகையில் எட்டிப் பார்ப்பேன். முற்றிலும் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் நடுவில் புறப்பட்டேன். அதற்குள் போர்வையின்மேல் மழை ஜலம் தேங்கி, இலைகள் ஊறி, ஒரு நாள் காலையில் கண்ணாடி மாதிரி மேலே தகடு பிடித்திருந்தது. பேரன் கீழே நின்றபடியே நீளக் குச்சியால் அதைத் தட்டி உடைத்தான். சுவரைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

சென்னையில் கம்பளிக் கோட்டுக்கு வேலை இல்லை. நாப்தலீன் உருண்டைகளோடு பீரோவில் தொங்கவிட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு காலையில் மாப்பிள்ளையிடமிருந்து டெலிபோன். குசலப் பிரசினங்களெல்லாம் வழக்கத்தைவிட நீளமாக நடந்தன. பிறகு மிகவும் மரியாதையாக, "மாமா, அந்தப் பம்புத் தக்கை ரெண்டும்... உங்ககிட்ட கொடுத்த மாதிரி ஒரு ஞாபகம்" என்றார்.

பீரோவைத் திறந்து கோட்டுப் பையில் கையை விட்டேன். இரண்டும் இருந்தன. ரப்பர் வளையத்தோடு, கட்டைவிரல் பருமனில்.

"கூடையில போடச் சொன்னாரே" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். தபால் செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சொன்னார். அடுத்த வீட்டுப் பெரியவர் ஏப்ரலிலேயே விஷயத்தை ஊகித்துவிட்டாராம். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். மாப்பிள்ளை சொல்லவில்லை.

அதற்குள் பேரன் டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டான். போர்வையை எடுத்தாயிற்று, தலையணை நசுங்கிப் போயிருந்தது, உள்ளே ஒரு தவளை இருந்தது, ஜலம் பச்சையாக இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாத்தா, ஏணி முடிச்சை அப்பாவால அவுக்க முடியலே. கத்தியால அறுக்கலாமான்னு கேக்கச் சொன்னார்" என்றான்.

"கயிறுதானே. அறுக்கச் சொல்லு" என்றேன். "அம்மா பக்கத்துல இருக்காளா?"

"தண்ணி ஜில்லுனு இருக்குன்னு கையை விட்டுப் பார்த்துக்கிட்டிருக்கா. கூப்பிடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.